டிஸ்க் ஏன் அப்படி வளைகிறது? அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

டிஸ்க் கோல்ஃப் (தட்டு போன்ற டிஸ்கை எறிந்து, குறைந்த எறிதல்களில் கூடையில் சேர்க்கும் விளையாட்டு) ஆடத் தொடங்கிய புதிதில் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "எப்படி எறிந்தாலும் இடப்பக்கம் போய் விழுகிறது." அதற்கு உடனே கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் ஒன்று வாங்கு." வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாயும், நடுத்தர தூரத்துக்கான டிஸ்க் என்று பொருள். பல பேருக்கு அது சரியான பதில். வேறு பல பேருக்கோ, காசு செலவழித்து வாங்கிய புது டிஸ்க்கும் பழையது போன அதே புதருக்குள் போகும். இடப்பக்கம் விழுவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றுக்குத்தான் புது டிஸ்க் தீர்வு.

அதனால் டிஸ்கின் பெயரிலிருந்து தொடங்காமல், காற்றில் அது என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கீழே உள்ளதெல்லாம் வலக்கையால் பேக்ஹேண்ட் எறிபவர்களுக்காக எழுதியது. இடக்கையால் பேக்ஹேண்ட் எறிந்தாலோ, வலக்கையால் ஃபோர்ஹேண்ட் எறிந்தாலோ இடம், வலம் இரண்டையும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

டிஸ்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம் (டிஸ்க் கேட்கும் எறிவேகம்), கிளைடு (எவ்வளவு மிதக்கும் என்பது), டர்ன், ஃபேட். இன்னோவா ராக்3க்கு 5, 4, 0, 3. டிஸ்க்ராஃப்ட் பஸ்ஸுக்கு 5, 4, -1, 1. அதே நிறுவனத்தின் மீட்டியோருக்கு 5, 5, -3, 1. மூன்றாவது எண்ணான டர்ன், டிஸ்க் வேகமாகப் போகும் முதல் பாதியில் வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பதைக் காட்டுகிறது. கழித்தல் கூடக் கூட அண்டர்ஸ்டேபிள். நான்காவது எண்ணான ஃபேட், வேகம் குறைந்த பிறகு கடைசியில் இடப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பதைக் காட்டுகிறது.

இந்த எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது. ஒரு நிறுவனத்தின் -2ம் இன்னொன்றின் -2ம் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: அந்த டிஸ்க் கேட்கும் வேகத்தில் நீங்கள் எறிகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இந்த எண்களைப் போடுகிறார்கள். அந்த வேகம் உங்கள் கையில் இல்லையென்றால் டர்ன் எண் முழுதாகச் செயல்படாது. ஃபேட்தான் மேலோங்கும். புதியவர்களின் டிஸ்க் இடப்பக்கம் போவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது உதவும். வலக்கை பேக்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுழலும். வேகமாக, மூக்கு (முன்விளிம்பு) தாழ்ந்து போகும்போது காற்றின் தூக்கு விசை டிஸ்கின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் செயல்படும். மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கும். ஆனால் வேகமாகச் சுழலும் பொருள் தள்ளிய திசையில் சாயாது. சுற்றும் பம்பரத்தை விரலால் முன்னால் தள்ளினால் அது பக்கவாட்டில் விலகுவது போல, டிஸ்கும் வலப்பக்கம் சாயும். இதுதான் டர்ன். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கியதும் காற்று அடிப்பக்கத்தில் மோதும் கோணம் கூடுகிறது. தூக்கு விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. சாய்வு இடப்பக்கம் மாறுகிறது. இதுதான் ஃபேட்.

ஆக, இடப்பக்கம் இழுக்க வைப்பது இரண்டு: குறைந்த வேகம், காற்றைச் சந்திக்கும் பெரிய கோணம். முதலாவதை டிஸ்கை மாற்றிச் சமாளிக்கலாம். இரண்டாவதை டிஸ்கை மாற்றிச் சரிசெய்ய முடியாது; எறிதலைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் மைதானத்துக்குப் போங்கள்

கோர்ஸில் ஆடும்போது நோய் கண்டுபிடிக்க முடியாது. மரம், மேடு, காற்று, கூட ஆடுபவரின் பேச்சு எல்லாம் குறுக்கே வரும். காற்றில்லாத காலை நேரத்தில் திறந்த மைதானம் ஒன்றில், உங்களிடம் இருக்கும் மிட்ரேஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, முழு பலத்தில் முக்கால் பங்கு போட்டு எறியுங்கள். பின்னால் நின்று யாராவது போனில் வீடியோ எடுத்தால் நல்லது; பக்கவாட்டிலிருந்தும் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது.

மூன்றைப் பாருங்கள். கையை விட்டதும் டிஸ்க் மேலே ஏறுகிறதா? கையை விட்ட கணத்தில் தள்ளாடுகிறதா? எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது: தொடக்கத்திலேயா, பாதியிலா, கடைசியிலா? விழுந்த இடத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு வேறு வேறு தவறுகள் ஒரே இடத்தில் கொண்டு போய் விடும்.

அறிகுறி: மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இடப்பக்கம் சரிகிறது

எல்லாவற்றிலும் அதிகம் காண்பது இதுதான். அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் தேவை என்று தவறாக எண்ண வைப்பதும் இதுதான்.

காரணம் மூக்கு தூக்கியிருப்பது. டிஸ்கின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயரத்தில் இருந்தபடி கையை விட்டால், மேலே சொன்ன பெரிய கோணம் முதல் கணத்திலேயே வந்துவிடுகிறது. டிஸ்க் ஏறும், வேகத்தை இழக்கும், டர்ன் நடக்க வாய்ப்பே இல்லாமல் நேராக ஃபேட்டுக்குப் போய்விடும். கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரி, இது நடக்கும். வேகம் கூடினால் இன்னும் உயரமாக ஏறி, இன்னும் செங்குத்தாக விழும்.

இந்த நிலையில் மீட்டியோர் போல கிளைடு 5 உள்ள அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் வாங்கினால் நிலைமை மோசமாகும். கிளைடு அதிகமான டிஸ்க் மூக்கு தூக்கியிருந்தால் இன்னும் நன்றாக மிதந்து ஏறும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களுக்குக் கடையில் முதலில் நீட்டப்படுவது இந்த வகைதான்.

சரிசெய்வது இப்படி. டிஸ்கைப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக, அதாவது தரையை நோக்கி, லேசாக மடக்குங்கள். அந்த மடிப்பு எறிந்து முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். கட்டைவிரல் டிஸ்கின் மேல்தட்டை நன்றாக அழுத்தட்டும். உடல் எடை எறியும்போது முன்காலுக்கு வந்துவிட வேண்டும். பின்காலிலேயே சாய்ந்து நின்றால் மூக்கு தானாகத் தூக்கும். அப்புறம், தாழ்ந்த கிளை ஒன்றைத் தேடி அதன் அடியில் போகும்படி எறிந்து பழகுங்கள். உயரக் கூடாது என்று நீங்களே கட்டாயப்படுத்திக்கொண்டால் கை மற்றதைக் கற்றுக்கொள்ளும்.

டிஸ்க் மாற்றியே ஆக வேண்டும் என்றால், கிளைடு குறைந்த பட்டர் (putter, கூடைக்கு அருகிலிருந்து எறியும் டிஸ்க்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோவா ஏவியார் போதும். மூக்கு தூக்கிய எறிதலை அது மூடி மறைக்காது. அது நேராகப் போகத் தொடங்கிய பிறகு அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

அறிகுறி: ஏறவில்லை, தள்ளாடவில்லை, ஆனாலும் சீக்கிரமே இடப்பக்கம் வளைகிறது

இங்கேதான் அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்சின் வேலை. டிஸ்க் மட்டமாகப் போகிறது, சுழற்சி சுத்தமாக இருக்கிறது, பாதி தூரத்திலேயே சாய்ந்துவிடுகிறது. உங்கள் எறிதல் நன்றாகவே இருக்கிறது. டிஸ்க் கேட்கும் வேகம்தான் இன்னும் இல்லை.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வீடியோவில் கையை விடும் கணத்தில் டிஸ்க் மட்டமாக இருக்கிறதா, இல்லை இடப்பக்க விளிம்பு தாழ்ந்து ஹைசர் கோணத்தில் இருக்கிறதா? நிமிர்ந்து நின்று எறிபவர்கள் பலர் தெரியாமலே ஹைசரில் விடுவார்கள். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் குனிந்து, டிஸ்க் போகும் பாதையையும் தோளின் சாய்வையும் ஒரே தளத்தில் வைத்தால் இது சரியாகும்.

மட்டமாக விட்டும் வளைகிறது என்றால் வாங்கலாம். எதை?

உங்கள் மிட்ரேஞ்ச் 200 அடிக்கும் குறைவாகப் போகிறது என்றால் டர்ன் -3 வரை போகலாம். இன்னோவா ஸ்டிங்ரே (4, 5, -3, 1), டிஸ்க்ராஃப்ட் மீட்டியோர், வெஸ்ட்சைட் டுர்சாஸ் (5, 5, -3, 1) ஆகியவை இந்த வகை. 200 அடியிலிருந்து 250 அடி வரை என்றால் -2 போதும்: டிஸ்க்ராஃப்ட் காமெட் (4, 5, -2, 1), இன்னோவா பாந்தர் (5, 4, -2, 1), பஸ்ஸ் எஸ்.எஸ். (5, 4, -2, 1). அதற்கு மேல் எறிபவருக்கு நேராகப் போக அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் தேவையில்லை. சாதாரண பஸ்ஸே போதும். அவருக்கு அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் வேறு வேலைக்குப் பயன்படும், அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த எல்லைகள் என் அனுபவக் கணக்கு. உங்கள் கையைப் பொறுத்து ஒரு படி இப்படியோ அப்படியோ இருக்கலாம்.

-4 டர்ன் உள்ள இன்னோவா வுல்ஃபை முதல் டிஸ்க்காக வாங்க வேண்டாம். சிறுவர்களுக்கும் மிக மெதுவாக எறிபவர்களுக்கும் அது பிடிக்கும். மற்றவர்களுக்குச் சில மாதங்களிலேயே அது உருட்டி எறிய மட்டும் உதவும் டிஸ்க்காக மாறிவிடும்.

மோல்டை (டிஸ்கின் மாதிரியை) மாற்றும் முன் எடையையும் பாருங்கள். பி.டி.ஜி.ஏ. (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதிப்படி டிஸ்கின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் அதிகபட்ச எடை. மிட்ரேஞ்சுகள் பலவற்றின் விட்டம் 21.7 செ.மீ.; ஆகவே அதிகபட்சம் 180 கிராம். கடையில் தொங்குபவை பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியவை. அதே மோல்டை 165 கிராமில் எடுத்தால் அதே கையில் இன்னும் கொஞ்சம் டர்ன் கிடைக்கும், எறியவும் இலகுவாக இருக்கும். காற்றடிக்கும் ஊரில் லேசான டிஸ்க் தொல்லை தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் ஒரே மோல்டில் பல டிஸ்க் இருந்தால் மேசை மேல் அடுத்தடுத்து வைத்து விளிம்பைக் குனிந்து பாருங்கள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். கோடு தாழ்ந்திருப்பது அதிக அண்டர்ஸ்டேபிளாகவும், உயர்ந்திருப்பது அதிக ஓவர்ஸ்டேபிளாகவும் (இடப்பக்கம் அதிகம் இழுப்பதாகவும்) பறக்கும். ஒரே பெயர், ஒரே எண், ஒரே எடை போட்ட இரண்டு டிஸ்க்கே இதில் வேறுபடும். 1983இல் டேவ் டனிபேஸ் சாய்விளிம்பு டிஸ்கை உருவாக்கி இன்னோவா தொடங்கிய நாள் முதல் இந்த விளையாட்டில் விளிம்பின் வடிவம்தான் பறப்பைத் தீர்மானிக்கிறது. மேல்தட்டின் அழகான அச்சுப் படத்துக்கு அதில் பங்கில்லை.

அறிகுறி: ட்ரைவரும் மிட்ரேஞ்சும் ஒரே தூரம்தான் போகின்றன

தொலைதூரத்துக்கான டிஸ்க்கான ட்ரைவர் கேட்கும் வேகம் இன்னும் கையில் இல்லை என்று பொருள். வேகம் 11, 12 என்று எழுதிய ட்ரைவர்களைப் பையிலிருந்து கொஞ்ச காலத்துக்கு எடுத்து வையுங்கள். மிட்ரேஞ்ச் ஒன்றும், மெதுவான ஃபேர்வே ட்ரைவர் ஒன்றும் (இன்னோவா லெப்பர்டு: 6, 5, -2, 1) இருந்தால் போதும். அந்த ஃபேர்வே ட்ரைவர் மிட்ரேஞ்சைத் தெளிவாகத் தாண்டிப் போகத் தொடங்கும்போது மற்றவற்றைத் திரும்ப எடுக்கலாம்.

அறிகுறி: வலப்பக்கம் சாய்ந்து, திரும்பி வராமல், தரையில் உருள்கிறது

அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் வாங்கிய பிறகு வரும் புகார் இது. உடனே "இது எனக்கு ஆகாது" என்று விற்றுவிடுகிறார்கள். பொறுங்கள்.

கையை விட்டதும் டிஸ்க் தள்ளாடினால் காரணம் மணிக்கட்டு. எறியும் கணத்தில் மணிக்கட்டைப் புரட்டினால் டிஸ்க் சுழலும் தளமும் போகும் பாதையும் பொருந்தாமல் போகும். அந்தப் பொருத்தமின்மை தள்ளாட்டமாகத் தெரியும். தள்ளாடும் டிஸ்க் எதுவாக இருந்தாலும் வலப்பக்கம் புரள வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய ஒரு வழி உண்டு: நண்பரிடமிருந்து ராக்3 போன்ற ஃபேட் அதிகமான டிஸ்க் ஒன்றை வாங்கி அதே பலத்தில் எறியுங்கள். அதுவும் புரண்டால் டிஸ்க் மேல் குற்றமில்லை. பலத்தைப் பாதியாகக் குறைத்து, நின்ற இடத்திலிருந்தே, மணிக்கட்டு புரளாமல் எறிந்து பழகுங்கள். இந்த விஷயத்தில் அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச்தான் மிகச் சிறந்த ஆசிரியர். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் மணிக்கட்டுத் தவறை விழுங்கிவிடும். இது ஒவ்வொரு முறையும் உங்களிடம் காட்டிக்கொடுக்கும். ஆகவே இதை விற்காமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தள்ளாட்டமே இல்லாமல் சுத்தமாகச் சுழன்று புரண்டால், கை வேகம் டிஸ்கைத் தாண்டிவிட்டது. நல்ல செய்திதான். இப்போது கோணத்தை மாற்றுங்கள். இடப்பக்க விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி ஹைசரில் விடுங்கள். வேகத்தில் டிஸ்க் தானாக மட்டத்துக்கு நிமிர்ந்து, நெடுந்தூரம் நேராகப் போகும். ஹைசர் ஃப்ளிப் என்பது இதுதான். இருபக்கமும் மரங்கள் நெருங்கிய குறுகிய பாதையில் இதைவிட நம்பகமான எறிதலை நான் பார்த்ததில்லை. கை வேகம் கூடிய ஆட்டக்காரர்களும் அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்சைப் பையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

எவ்வளவு தாழ்த்துவது? சிறிய சாய்வில் தொடங்கி ஒவ்வொரு எறிதலுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். டிஸ்க் மட்டத்தில் வந்து நிற்கும் சாய்வு ஒன்று கிடைக்கும். செங்குத்துக்கு அருகே சாய்த்து விட்டும் புரண்டுவிடுகிறது என்றால்தான் அந்த டிஸ்க் உங்களுக்கு அதிக அண்டர்ஸ்டேபிள். அப்போது -1 அல்லது 0 பக்கம் வாருங்கள்: பஸ்ஸ், அல்லது கடைசிவரை நேராகப் போகும் இன்னோவா மாகோ3 (5, 5, 0, 0).

அறிகுறி: வலப்பக்கம் வளைந்தது, கடைசியில் திரும்ப இடப்பக்கம் வந்துவிட்டது

வலப்பக்கம் திரும்பும் ஹோல்களில் இது எரிச்சலூட்டும். மூலையைத் தாண்டி அழகாக வளைந்த டிஸ்க் கூடைக்கு அருகே போகும்போது மனம் மாறிவிடும்.

டர்னும் ஃபேட்டும் தனித்தனி விஷயம் என்பது இங்கேதான் புரியும். -3 டர்ன், 1 ஃபேட் உள்ள டிஸ்க் வலப்பக்கம் போகும், ஆனால் வேகம் குறைந்ததும் அந்த 1 வேலையைக் காட்டும். வலப்பக்கமே இருந்து விழ வேண்டுமானால் ஃபேட் எண் சிறியதாகப் பாருங்கள். எம்.வி.பி. அப்லிங்க் (5, 5, -3, 0.5) இந்த வேலைக்குப் பொருத்தம்.

ஆனால் வாங்கும் முன் கோணத்தை முயன்று பாருங்கள். மட்டமாக விட்டு டிஸ்க் தானாக வலப்பக்கம் திரும்பும் என்று காத்திருந்தால் திரும்புவதற்கே பாதி தூரம் போய்விடும். மீதியில் ஃபேட் வந்துவிடும். வலப்பக்க விளிம்பு தாழ்ந்த அன்ஹைசர் கோணத்தில், மூக்கைத் தூக்காமல், கொஞ்சம் மென்மையாக விடுங்கள். அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் அந்தச் சாய்வை எதிர்க்காமல் கடைசிவரை வைத்திருக்கும். பலமாக எறிந்தால் புரண்டு உருளும், அதனால்தான் மென்மை. ஓவர்ஸ்டேபிள் டிஸ்கை இதே கோணத்தில் விட்டால் முதலில் வலம் போய், பிறகு தன் பலத்தில் நிமிர்ந்து, இடம் வந்து முடியும். சில ஹோல்களுக்கு அதுவும் வேண்டும், ஆனால் அது வேறு டிஸ்க், வேறு கதை.

அறிகுறி: முன்பு நேராகப் போனது, இப்போது வலப்பக்கம் போகிறது

கை வேகம் கூடியிருக்கலாம். இல்லையென்றால் டிஸ்க் தேய்ந்திருக்கும். மரத்தில் மோதி, கல்லில் உரசி, விளிம்பு மாறும்போது எல்லா டிஸ்க்கும் மெல்ல மெல்ல அண்டர்ஸ்டேபிள் பக்கம் நகரும். இன்னோவாவின் டி.எக்ஸ். போன்ற மலிவான பிளாஸ்டிக் விரைவாகவும், ஸ்டார், சாம்பியன் போன்றவை மிக மெதுவாகவும் நகரும். மரங்கள் நெருங்கிய கோர்ஸில் ஆடுபவருக்கு டி.எக்ஸ். ஒரு சீசனிலேயே வேறு டிஸ்க்காகிவிடும்.

இதைப் பலர் குறையாக எண்ணுகிறார்கள். எனக்கு இது பெரிய வசதி. 1987இல் வந்த இன்னோவா ராக் இன்றும் பையில் இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: புதியது ஃபேட் காட்டும், கொஞ்சம் பழகியது நேராகப் போகும், நன்றாக அடிபட்டது வலப்பக்கம் திரும்பும். ஒரே மோல்டை மூன்று வயதில் வைத்திருந்தால் கையில் பிடிக்கும் உணர்வு மாறாமலே மூன்று விதமான பறப்பு கிடைக்கும். உங்களிடம் அடிபட்ட பழைய மிட்ரேஞ்ச் ஒன்று இருந்தால், புது அண்டர்ஸ்டேபிள் வாங்கும் முன் அதை மைதானத்துக்கு எடுத்துப் போங்கள். நீங்கள் தேடுவது வீட்டிலேயே இருக்கலாம்.

விளிம்பில் கையைக் கீறும் பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். அடிபட்ட கீறலையும் அச்சுப் பிசிறையும் மிதமாகத் தேய்த்துச் சமன் செய்ய விதி இடம் தருகிறது; பறப்பை மாற்றுவதற்காக அளவுக்கு மீறித் தேய்த்தால் போட்டியில் அந்த டிஸ்க் செல்லாது. தேய்க்கும் முன் ஒருமுறை சமதளத்தில் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, காரின் பின்பக்கம் வெயிலில் கிடந்ததன் விளைவு. அப்படி வளைந்த டிஸ்க்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அறிகுறி: காற்றடிக்கும் நாளில் மட்டும் தொல்லை

டிஸ்க்குக்குத் தெரிவது தரையின் வேகம் இல்லை, தன்மேல் வீசும் காற்றின் வேகம். எதிர்க்காற்றில் அந்த வேகம் கூடுகிறது. அதனால் எல்லா டிஸ்க்கும் அதிக அண்டர்ஸ்டேபிளாக நடந்துகொள்ளும். ஏற்கெனவே -3 உள்ளது புரண்டுவிடும். எதிர்க்காற்றில் அதைப் பையிலேயே விட்டுவிட்டு ராக்3 போன்றதை எடுங்கள். பின்காற்றில் கதை தலைகீழ்: டிஸ்க் மேல் வீசும் காற்றின் வேகம் குறைவதால் டர்ன் மங்கி, டிஸ்க் சீக்கிரம் இறங்கி இடப்பக்கம் போகும். அங்கே அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் அருமையாக உதவும். இழந்த டர்னை அது ஈடுகட்டும்.

பக்கக் காற்றில் டிஸ்கின் அடிப்பக்கம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்து பறக்கும்போது அடிப்பக்கம் இடப்புறமாகத் திறந்திருக்கும். இடமிருந்து வீசும் காற்று அதைப் பிடித்துத் தூக்கி வலப்பக்கம் வெகுதூரம் கொண்டு போகும். அந்த நேரத்தில் அண்டர்ஸ்டேபிள் டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

டென்வர் போல கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் ஆடப் போனால் காற்றின் அடர்த்தி குறைவு. டர்னும் கிளைடும் குறையும், டிஸ்க் இடப்பக்கமே போகும். ஊரில் -1 எறிபவர் அங்கே -2 எடுத்துப் போகலாம்.

அறிகுறி: வளையவே இல்லை, ஆனால் குறி தவறி நேராக வேறு திசையில் போகிறது

இது ஸ்டேபிலிட்டிப் பிரச்சினை இல்லவே இல்லை. பாதையின் வடிவம் சரி, தொடங்கிய திசைதான் தவறு. வலப்பக்கமாகப் பாய்ந்தால் டிஸ்க்கை நேரம் கடந்து விட்டிருக்கிறீர்கள். இடப்பக்கமாகப் பாய்ந்தால் கையிலிருந்து முன்கூட்டியே நழுவியிருக்கிறது. பிடியின் இறுக்கம், வியர்வை, விளிம்பின் ஆழம் உங்கள் விரலுக்குப் பொருந்துகிறதா என்பவற்றைப் பாருங்கள். சிறிய கைக்கு ஆழமான விளிம்பு நழுவும். விளிம்பின் அடியில் மணி போன்ற தடிப்பு உள்ள டிஸ்க் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு உறுத்தும். கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அறிகுறி: பேக்ஹேண்டில் அருமை, ஃபோர்ஹேண்டில் புரள்கிறது

ஃபோர்ஹேண்டில் பலருக்கும் சுழற்சி குறைவு, தள்ளாட்டம் அதிகம். அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் இந்த இரண்டையும் மன்னிக்காது. ஃபோர்ஹேண்டுக்கு ஃபேட் 2, 3 உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியாகிவிட்டது, இது சரியான டிஸ்க்தானா?

காற்றில்லாத மைதானத்தில் மூன்று கோணத்தில் எறிந்து பாருங்கள்: லேசான ஹைசர், மட்டம், லேசான அன்ஹைசர். மூன்றிலும் பலம் ஒன்றாக இருக்கட்டும். ஹைசரில் விட்டது நிமிர்ந்து நேராகப் போக வேண்டும். மட்டமாக விட்டது மெல்ல வலம் சாய்ந்து, கடைசியில் சற்றே திரும்ப வேண்டும். அன்ஹைசரில் விட்டது வலப்பக்கமே போய் விழ வேண்டும். மூன்றும் மூன்று பாதையாக இருந்தால் டிஸ்க் உங்கள் கைக்குச் சரி. மூன்றுமே இடப்பக்கம் முடிந்தால், மூக்கைத் திரும்பப் பாருங்கள்; மூக்கும் சரி என்றால் அதே மோல்டில் பத்து கிராம் குறைவானதை முயலுங்கள். மூன்றுமே உருண்டால் அதே மோல்டில் கனமானதை முயலுங்கள், அதுவும் உருண்டால் டர்ன் எண்ணில் ஒரு படி மேலே (-3 என்றால் -2க்கு) வாருங்கள்.